60 கிலோ இழுத்தவனும் 20 லிட்டர் தண்ணீரும்

எனக்கு உடம்பில் பலம் வரவேண்டும் என்று வாங்கிய மெஷினை ஐந்தாம் மாடிக்குத் தூக்கிவந்தது வேறு மூன்று பையன்கள். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே எனக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். விளங்குவதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

மியான்மரில், யாங்கோன் நகரத்தின் தாம்வே பகுதியில் இருக்கிறோம். எழுதும்போது யாங்கோன், வீட்டுக்குள் பேசும்போது ரங்கூன். இந்த ஊர்க் கட்டடங்களைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: 12.5 அடி அகலம், 50 அடி நீளம். ரயில் பெட்டி மாதிரி ஒரு வீடு, அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று. எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேலே வீட்டுக்குள் ஒரு மணி. பேப்பர் போடுகிறவரும் கீரைக்காரம்மாவும் கயிற்றை ஆட்டி மணியடித்துச் சாமானை மாட்டிவிட்டால், மேலே இருப்பவர்கள் இழுத்துக்கொள்ளலாம். கயிற்றில் ஏறாத சாமான் யாராவது ஒருவர் தோளில்தான் ஏறியாக வேண்டும்.

2020-இல் எனக்கு 44 வயது. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. கண்டோஜி ஏரியைச் சுற்றித் தினமும் நடக்கிறேனே என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். "நடை நெஞ்சுக்கு நல்லது, தசைக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். முப்பது வயதுக்கு மேல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைந்துகொண்டே போகும், சாப்பிடும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது அந்தத் தசைதான் என்றும் விளக்கினார். உலக சுகாதார நிறுவனம் அதே 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள் என்கிறது. அப்போது கொரோனாவுக்காக ஜிம் எல்லாம் மூடிக் கிடந்தது. சரி, ஜிம்மையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

2021 கடைசியில், ஊரைவிட்டுப் போகிற ஒரு குடும்பம் பழைய 'ஹோம் ஜிம்' ஒன்றைப் பாதி விலைக்குக் கொடுத்தது. ஒரே இரும்புச் சட்டத்துக்குள் எல்லாம் அடக்கம். உட்கார ஒரு சீட், சாய ஒரு பலகை. பின்னால் இரண்டு கம்பிகளில் கோத்த 12 பிளேட், ஒவ்வொன்றும் 5 கிலோ. எத்தனை பிளேட் வேண்டுமோ அந்த ஓட்டையில் பின்னைச் செருகிக்கொள்ளலாம். தலைக்கு மேலே இழுக்க ஒரு நீளக் கம்பி, மார்புக்கு நேரே தள்ள இரண்டு கைகள், காலை நீட்டி மடக்க ஒரு உருளை. எல்லாவற்றையும் ஒரு கேபிளும் பத்துப் பன்னிரண்டு கப்பிகளும் இணைத்திருந்தன. செய்முறைப் புத்தகம் தொலைந்துபோயிருந்தது. கேபிளை எந்தக் கப்பிக்கு அப்புறம் எந்தக் கப்பியில் விடுவது என்று நானும் மச்சினனும் இரண்டு ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டோம். பழைய மெஷினைக் கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் எடுக்கவில்லை.

பிளேட்டுகளைத் தூக்கிவந்த பையன்களில் ஒருவனை மறக்கமுடியாது. ஒல்லியான ஆள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாலு பிளேட்டைத் துண்டில் கட்டித் தோளில் போட்டு, வெற்றிலையை மென்றபடியே ஏறினான். மேலே வந்ததும் மெஷினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு அண்ணே?" என்று பர்மியில் கேட்டான். "எக்ஸர்சைஸ் பண்ண" என்றேன். சிரிக்காமல் தலையாட்டினான். நல்ல பையன்.

மெஷினைக் குறை சொல்வதற்கு முன் அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். அது இல்லாவிட்டால் நான் தொடங்கியே இருக்கமாட்டேன். டம்பெல்லைக் கையில் எடுத்தால் கால்மேல் விழுமோ, முதுகு பிடிக்குமோ என்று பயம் வரும். மெஷினில் அந்தப் பயம் இல்லை. உட்கார், சாய், இழு. கைவிட்டால் பிளேட் 'டங்' என்று தன் இடத்துக்குப் போய் உட்காரும், அவ்வளவுதான். எடையை மாற்றப் பின்னை உருவிச் செருக ஐந்து விநாடி. கரெண்ட் இல்லாத ராத்திரியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில்கூடச் செய்திருக்கிறேன். இந்த ஊரில் நாலு மணி நேரம் கரெண்ட் வந்தால் நாலு மணி நேரம் போகும் என்ற காலமெல்லாம் வந்தது. சுவரில் மாட்டுகிற, மோட்டார் வைத்த புது மெஷின்களின் விளம்பரத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். கரெண்டும் இன்டர்நெட்டும் இருந்தால்தான் அதற்குப் பலம்.

முதல் நாள் 15 கிலோவில் பின் செருகினேன். ஆறேழு மாதத்தில் 50-க்கு வந்தேன். ஒரு வருஷத்துக்குள் 60, அதாவது மொத்த அடுக்கும் மேலே போனது. அன்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பருப்புக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்ற யோசனையோடு வந்து பார்த்துவிட்டுப் போனாள். நான் மட்டும் நாலைந்து நாள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் தண்ணீர்.

இங்கே குடிதண்ணீர் 20 லிட்டர் ஜாடியில் வரும். கடைப் பையன் மாடிக்கே கொண்டுவந்து கொடுப்பான். அன்றைக்கு அவனுக்கு ஏதோ அவசரம், ஜாடியைக் கீழே படியடியில் வைத்துவிட்டுக் கயிற்றை ஆட்டி மணியடித்துப் போய்விட்டான். 60 கிலோ இழுக்கிறவனுக்கு 20 கிலோ என்ன பெரிய சுமை என்று லுங்கியை மடித்துக் கட்டினேன். முதல் மாடி சுலபமாக ஏறியது. இரண்டாம் மாடியில் ஜாடிக்குள் தண்ணீர் இப்படியும் அப்படியும் தளும்ப, அது போன பக்கமெல்லாம் நானும் போனேன். விரல்கள் வழுக்கத் தொடங்கின. மூன்றாம் மாடித் திருப்பத்தில் இடுப்புக்கு மேலே ஏதோ ஒன்று சுளுக்கென்று இழுத்தது. ஜாடியை இறக்கினேன் என்று சொன்னால் அது பொய். அது தானே இறங்கி, ஒரு வரிசைப் படி முழுக்க உருண்டு, இரண்டாம் மாடி ஆன்ட்டியின் கதவில் போய் முட்டி நின்றது. உடையவில்லை. ஆன்ட்டி கதவைத் திறந்து ஜாடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தா, மேலே தினம் இரும்புச் சத்தம் கேட்குதே, அது நீ இல்லையா?" என்றார். தா என்றால் மகன். அவ்வளவு அன்பாகக் கேட்டதுதான் கூடுதலாக வலித்தது.

எங்கள் தாத்தா ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து கப்பலேறி வந்து பசுண்டவுங் கால்வாய்க்கரை அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். ஊரில் இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் தூக்கிப் பின்னால் போட்டவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று கதை சொல்வார். அந்தக் கல்லுக்குக் கைப்பிடி கிடையாது, வழவழவென்று உருண்டை. பிடிக்க இடமில்லாததுதான் அதில் பாதிக் கஷ்டம் என்பார். தண்ணீர் ஜாடியும் உருண்டைதான்.

இடுப்புப் பிடிப்பு பத்து நாளில் போய்விட்டது. சந்தேகம் போகவில்லை. மெஷினில் பின் செருகிய எண் என் கைக்கு எவ்வளவாக வருகிறது? பஜாரில் காய்கறிக் கடை வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்கினேன். இங்கே கடையில் இன்னமும் விஸ் கணக்குத்தான், ஒரு விஸ் சுமார் 1.63 கிலோ. நம்முடைய 'வீசை'தான் கடல் தாண்டி வந்து விஸ் ஆனது என்பார்கள். மதராஸ் வீசை இதைவிடச் சின்னது, 1.4 கிலோதான். வீசை இங்கே வந்து கொஞ்சம் சதை போட்டிருக்கிறது.

பின்னை 50 கிலோவில் செருகி, மேல்கம்பியின் நடுவில் தராசைக் கொக்கியிட்டு மெதுவாக இழுத்தேன். முள் 17 விஸ்ஸில் நின்றது. 28 கிலோகூட இல்லை. அப்படியே மெதுவாக மேலே போகவிட்டால் 14 விஸ், ஏறக்குறைய 23 கிலோ. மச்சினன்தான் கண்டுபிடித்தான்: "மாமா, கம்பி இரண்டு அடி இறங்கினா பிளேட் ஒரு அடிதான் ஏறுது பாருங்க." உள்ளே ஒரு கப்பி சட்டத்தில் பொருத்தப்படாமல் கேபிளிலேயே மிதக்கிறது. பிளேட் அடுக்கின் சுமையைக் கேபிளின் இரண்டு இழைகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆகவே கைக்கு வருவது பாதி. இழுக்கும்போது கப்பிகளின் உராய்வு சுமையோடு சேர்ந்துகொள்கிறது, விடும்போது அதே உராய்வு நமக்கு உதவி செய்கிறது. 17-க்கும் 14-க்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அதுதான். தசை வளர்வதில் இறக்குகிற வேலைக்கும் பெரிய பங்கு உண்டு. என் மெஷின் அந்த இடத்தில் சத்தமில்லாமல் சுமையைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆக நான் பெருமைப்பட்ட 60 கிலோவுக்குக் கையில் 30 கிலோ. உங்கள் வீட்டு மெஷினில் தராசு இல்லாமலும் இதைப் பார்க்கலாம். கை எத்தனை அடி போகிறது, பிளேட் எத்தனை அடி ஏறுகிறது என்று அளந்தால் போதும். சில மெஷின்களில் ஒன்றுக்கு ஒன்று, சிலவற்றில் இரண்டுக்கு ஒன்று. ஒருவர் மெஷினின் எண்ணை இன்னொருவர் மெஷினின் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

ஜாடியிடம் நான் தோற்றதற்கு எண் பாதியானது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் முதுகுக்குப் பின்னால் இருந்த அந்தச் சாய்வுப் பலகை. நான் தள்ளும்போதும் இழுக்கும்போதும் என் உடம்பை நிறுத்திப் பிடித்த வேலையைப் பலகையும் சீட்டும் செய்தன. எடை எந்த வழியாகப் போகவேண்டும் என்பதைக் கம்பியும் கப்பியும் முடிவு செய்தன. எனக்கு மிஞ்சியது தள்ளுகிற வேலை மட்டும். காலுக்கு நான் செய்ததோ உட்கார்ந்தபடி முட்டியை நீட்டுவது. அதில் தொடையின் முன்பக்கத்துக்கு மட்டும் வேலை. படியேற வேண்டியது பிட்டம், இடுப்பு, கணுக்கால் எல்லாம் சேர்ந்து. பிடிக்கு மெத்தென்று ரப்பர் உறை, அதனால் விரல்களுக்கும் பரீட்சை வைக்கவில்லை. ஒரு வருஷம் நான் பழகியது மெஷினை இழுக்கத்தான், அதில் மட்டும் கெட்டிக்காரன் ஆகியிருந்தேன். 2023-இல் இதைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. தசை பருமனாவதில் மெஷினுக்கும், டம்பெல், பார்பெல்லுக்கும் (இரண்டு கையாலும் தூக்குகிற நீளக் கம்பி) சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றார்கள். ஆனால் பலத்தைச் சோதித்தால், எதில் பழகினார்களோ அதில்தான் கூடுதலாகத் தெரிந்ததாம். எனக்கு ஆன்ட்டி வீட்டு வாசலில் கிடைத்த தீர்ப்பும் அதுவே.

டம்பெல் வாங்கினேன். நம் ஆட்கள் தம்புள்ஸ் என்பார்களே, அதுதான். பிளேட்டைக் கழற்றி மாட்டும் வகை, ஜோடி சேர்ந்து 40 கிலோ. நடுவில் செருக ஒரு இணைப்புக் குழாய் இருந்தது, அதைப் போட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு குட்டி பார்பெல். முழு பார்பெல் வாங்கலாமா என்று ஆசை இருந்தது. போட்டிக்குரிய பார் 2.2 மீட்டர் நீளம், வெறும் பாரே 20 கிலோ. எங்கள் படித் திருப்பத்தில் அதைத் திருப்பவே முடியாது என்று மச்சினன் துடைப்பக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டி நிரூபித்துக் காட்டினான். பழைய கட்டடத் தரைக்கும் அது ஆகாது. அத்துடன் வீட்டில் தனியாக இருக்கும்போது பாருக்கு அடியில் மாட்டிக்கொண்டால் தூக்கிவிட ஆள் வேண்டும்.

தனியாகச் செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பெஞ்சையே வாங்காதீர்கள். பாயில் மல்லாந்து படுத்து டம்பெல்லை மேலே தள்ளுங்கள். இறக்கும்போது முழங்கை தரையைத் தொட்டதும் எடை அங்கேயே நின்றுவிடும், மார்பை நசுக்க வழியே இல்லை. உட்கார்ந்து எழுவதற்கு ஒற்றை டம்பெல்லை நெஞ்சோடு செங்குத்தாகக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம். முடியவில்லை என்றால் முன்னால் இறக்கி வைத்துவிடலாம். கீழேயிருந்து தூக்குவதற்கு எனக்குச் சுவர்தான் வாத்தியார். சுவருக்கு ஒரு சாண் முன்னால் முதுகைக் காட்டி நின்று, முதுகை வளைக்காமல் பிட்டம் போய்ச் சுவரைத் தொடும்வரை இடுப்பை மட்டும் பின்னுக்குத் தள்ளவேண்டும். அது கைவந்த பிறகே எடையைக் கையில் எடுத்தேன். எடை காலை ஒட்டியே இறங்கி ஏறவேண்டும், முன்னால் தள்ளிப் போனால் முதுகு பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டரை அடி வீட்டில் ஒரு வசதி, எங்கே நின்றாலும் சுவர் பக்கத்தில்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பலன் கொடுத்தது, வித்தையே இல்லாத ஒன்று. ஒரு கையில் மட்டும் டம்பெல்லைத் தொங்கவிட்டுக்கொண்டு படி ஏறி இறங்குவது. எடை ஒரு பக்கம் இழுக்கும், உடம்பு சாயாமல் நேராக வரவேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் 10 கிலோவோடு ஐந்து மாடி ஏறி வந்தபோது கை பரவாயில்லை, எதிர்ப்பக்க விலா நோவெடுத்தது. அங்கேயும் தசை இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தப்பும் நிறையச் செய்தேன். பிளேட்டை இறுக்கும் மரைத் திருகு ஒவ்வொரு செட்டிலும், அதாவது நிறுத்தாமல் செய்கிற ஒவ்வொரு சுற்றிலும், கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். இது எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 2.5 கிலோ பிளேட் ஒன்று கழன்று தரையில் விழுந்தது. கீழேயிருந்து துடைப்பத்தால் மேல்தளத்தில் இடிக்கிற பதில் சத்தம் உடனே வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு செட்டுக்கும் முன் திருகை ஒருமுறை கையால் இறுக்குவேன், தரையில் இரண்டு அடுக்கு ரப்பர் பாய் போட்டிருக்கிறேன். காலை ஏழுக்கு முன்னாலும் ராத்திரி எட்டுக்குப் பின்னாலும் இரும்பைத் தொடுவதில்லை.

பெரிய தப்பு தோளில் நடந்தது. தலைக்கு மேல் தள்ளுவதில் கைக்கு 10 கிலோ நன்றாக வந்தது. இருப்பதிலேயே சின்ன பிளேட் 1.25 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 12.5 கிலோ. இரண்டரை கிலோதானே என்று நினைத்தேன், கணக்கு எழுதுகிறவனுக்கு அது 25 சதவீதம் என்று உறைக்கவில்லை. யாரும் சம்பளத்தைக்கூட அப்படி ஏற்றித் தரமாட்டார்கள். மூன்றாம் வாரம் வலது தோளில் குத்து வலி, சட்டை மாட்ட முடியவில்லை. மெஷினில் ஒரு பிளேட் கூட்டினால் இரண்டு கைக்கும் சேர்த்தே 2.5 கிலோதான் கூடும். இந்த விஷயத்தில் அது டம்பெல்லைவிடப் பொறுமையான ஆசான். இப்போது நான் செய்வது, அதே எடையில் எட்டுத் தடவையில் தொடங்கி எல்லா செட்டிலும் பன்னிரண்டு வரும்வரை எடையைத் தொடுவதில்லை. பிறகு கணுக்காலில் கட்டும் அரைக் கிலோ மணல் பட்டையை டம்பெல்லின் நடுக்கம்பியில் சுற்றிக்கொள்கிறேன். 10, அப்புறம் 10.5. பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை நடக்கிறது.

தோள் ஆறுகிற இரண்டு மாதம், மூலையில் துணி காய்ந்துகொண்டிருந்த மெஷினுக்கு மறுபடி போனேன். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி லேசான எடையில் உட்கார்ந்து நெஞ்சை நோக்கி இழுப்பது மட்டும். எடை பக்கவாட்டில் ஆடாது, வலிக்கிற கோணம் வருமுன் நிறுத்தலாம், கைவிட்டாலும் ஆபத்தில்லை. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தால் மனசுவிட்டே போயிருக்கும். மெஷினைப் பற்றி நான் முன்பு நண்பர்களிடம் பேசிய சில வசனங்களை அப்போது வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அம்மாவும் அதில்தான் தொடங்கினார். 72 வயது, விழுந்துவிடுவோமோ என்ற பயம். சீட்டில் உட்காரவைத்து இரண்டு பிளேட் போட்டுக் கொடுத்தேன். மூன்று மாதம் ஒழுங்காக இழுத்தார். பிறகு, "உட்கார்ந்து இழுக்கிறதுக்கு எனக்குத் தெம்பு இருக்கு, எழுந்து நிக்கிறதுக்குத்தான் இல்லை" என்றார். ஒரு வருஷமாக எனக்குப் புரியாதது அவருக்கு மூன்று மாதத்தில் புரிந்துவிட்டது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவதைப் பத்துத் தடவை செய்கிறார். ஒற்றைக்காலில் நிற்பதைச் சமையல் மேடையைத் தொட்டபடி பழகுகிறார். டம்பெல் கொடுத்தால் வாங்கமாட்டார். "ரெண்டு விஸ் வெங்காயம் இருக்கே, அது போதும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு அந்த 50 அடி வீட்டில் நடப்பார். நடந்து முடித்து அதையே உரிக்கவும் செய்வார்.

வாங்கப்போகிறவர்கள் வேறு வகை மெஷின்களையும் பார்ப்பீர்கள். வளைகிற கம்புகளாலும் ரப்பராலும் எதிர்ப்புக் கொடுப்பவை. இடம் கொஞ்சம், எடையும் கொஞ்சம், மாடிக்கு ஏற்றச் சுலபம். அவற்றின் குணம், தொடக்கத்தில் லேசாக இருந்து இழுக்க இழுக்கக் கனக்கும். தள்ளுவதிலும் உட்கார்ந்து எழுவதிலும் நமக்குக் கடைசிப் பகுதியில்தான் பலம் அதிகம், அதற்கு இது பொருந்தும். நெஞ்சை நோக்கி இழுப்பதில் கடைசிப் பகுதியில் நமக்குப் பலம் குறைவு, சரியாக அங்கேதான் ரப்பர் மல்லுக்கு நிற்கும். உடம்பின் பலம் வழிநெடுக ஒன்றாக இருப்பதில்லை என்பதை வைத்துத்தான் அமெரிக்காவில் ஆர்தர் ஜோன்ஸ் 1970 வாக்கில் நாட்டிலஸ் மெஷினைக் கொண்டுவந்தார். வட்டக் கப்பிக்குப் பதில் சங்குச் சுருள் மாதிரியான சக்கரம். அது திரும்பத் திரும்பக் கைக்கு வரும் சுமை கூடிக் குறையும். வீட்டுக்கு விற்கும் மலிவு மெஷின்களில் பெரும்பாலும் சாதா வட்டக் கப்பிதான்.

பராமரிப்பைப் பற்றி விற்கிறவர் யாரும் சொல்லமாட்டார். யாங்கோனில் வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, கிட்டத்தட்ட எல்லாம் மே முதல் அக்டோபருக்குள் கொட்டிவிடும். முதல் மழைக்காலத்திலேயே மெஷினின் இரண்டு வழிகாட்டிக் கம்பிகளில் துரு ஏறி, பிளேட் கரகரவென்று நெரித்து ஏறியது. தையல் மெஷின் எண்ணெய் போட்டேன், தூசி ஒட்டிக்கொண்டு சந்தனம் மாதிரி ஆனது. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு சிலிக்கான் ஸ்ப்ரே அடிப்பதே சரி என்று பிறகு தெரிந்தது. டம்பெல்லுக்கும் துரு வரும், ஆனால் துருப்பிடித்த டம்பெல்லும் அதே எடைதான்.

கேபிள் அப்படியில்லை. 2024-இல் ஒருநாள் தலைக்கு மேலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும்போது கொக்கிப் பக்கம் அறுந்து, கம்பி என் உச்சந்தலையில் இறங்கியது. நல்லவேளை, லேசான எடை. கொழுக்கட்டை அளவு வீக்கத்தோடு போயிற்று. அறுந்த இடத்தைப் பார்த்தால் பிளாஸ்டிக் உறை பல மாதமாகவே வெடித்திருந்தது, உள்ளே இரும்பு இழைகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்திருந்தன. மாதம் ஒருமுறை இரண்டு நுனிகளையும் கப்பியில் வளையும் இடங்களையும் விரலால் தடவிப் பாருங்கள், எங்கேயாவது முள் குத்தினால் அன்றே நிறுத்துங்கள். மாற்றுக் கேபிள் எங்கும் கிடைக்கவில்லை. இரும்புக் கயிறு விற்கும் கடையில் பழையதையே அளவாகக் கொடுத்து, நுனியில் அழுத்தி மாட்டித் தரச்சொன்னேன். ஒரு அங்குலம் நீளமாகிவிட்டது. இன்றுவரை முதல் ஒரு அங்குலத்துக்குச் சுமையே இல்லை.

2025 மார்ச் 28 நிலநடுக்கம் மண்டலே, சகாய்ங் பக்கம் செய்த நாசத்தை உலகம் பார்த்தது. யாங்கோனில் ஆட்டம் மட்டும்தான். அன்று அலமாரித் தட்டில் இருந்த ஒரு டம்பெல் விளிம்புவரை உருண்டு வந்து நின்றிருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த இரும்பும் முழங்காலுக்கு மேலே இருப்பதில்லை.

மோல்மேனில் இருக்கும் சித்தப்பா மகன் போன மாதம் போனில் கேட்டான்: "அண்ணே, எதை வாங்கட்டும்?" எத்தனையாவது மாடி, வீட்டில் கூட யார் இருப்பார்கள், தோளிலோ முட்டியிலோ பழைய அடி உண்டா என்று கேட்டேன். தரைத்தளம், தனி ஆள், அடி ஒன்றும் இல்லை. அப்படியானால் கழற்றி மாட்டும் டம்பெல் ஜோடியும் இரண்டு ரப்பர் பாயும் வாங்கு, ஆறு மாதம் போகட்டும், அப்புறமும் செய்துகொண்டிருந்தால் தலைக்கு மேலிருந்து இழுக்கக் கப்பியும் கேபிளும் மட்டும் மாட்டிக்கொள் என்றேன். மேலிருந்து கீழே இழுப்பது ஒன்றைத்தான் டம்பெல்லால் கொடுக்கமுடியாது, இரும்பு கீழ்நோக்கித்தானே கனக்கும். அடியோ பயமோ இருந்திருந்தால் மெஷினை முதலில் சொல்லியிருப்பேன். புரோட்டீன் பவுடர் பற்றியும் கேட்டான். உடம்பு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் புரதம் என்பது பலம் ஏற்றுகிறவர்களுக்குச் சொல்லப்படும் அளவு. என் 74 கிலோவுக்கு அது 118 கிராம், சோறும் ரசமுமாக அது லேசில் வராது. காலையில் அவித்த பட்டாணி, கூட முட்டை, மத்தியானம் ஷான் டோஃபு, அதுவும் கடலை மாவில் செய்ததுதான், ராத்திரி மீன் என்று ஒப்பேற்றுகிறேன். டப்பா வாங்குகிற காசுக்கு எவ்வளவோ மீன் வரும் என்றேன். "அப்போ முதல்ல மீனை வாங்குறேன்" என்று வைத்துவிட்டான்.

தண்ணீர் ஜாடியை இப்போது நானே ஏற்றுகிறேன். கடைப் பையனுக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம், கொஞ்சம் சந்தேகம். இடது தோளில் வைத்து, வலது கையைச் சுவரில் படாமல் வைத்துக்கொண்டு ஏறுவேன். நாலாம் மாடித் திருப்பத்தில் ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே போகமுடிகிறது, அது இன்னும் மாறவில்லை. ஆன்ட்டிக்கு என் கால்சத்தம் பழகிவிட்டது. கதவைத் திறந்து, "தா, போகிற வழிதானே" என்று தன் ஜாடியையும் கீழேயிருந்து எடுத்துவரச் சொல்லிவிடுகிறார். ஆக வாரத்துக்கு மூன்று ஜாடி, அதில் ஒன்று இரண்டாம் மாடி வரைக்கும்.